தேர் திரும்பும் வரை

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது எங்கேயாவது பாரம் தூக்குவதைப் பார்த்துவிட்டால் போதும், கை தானாக நீண்டுவிடும். கல்யாண வீடோ இழவு வீடோ, கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். எங்கள் வீட்டுக் கூரை மட்டும் இரண்டு மழைக்காலமாக ஒழுகிக்கொண்டே இருக்கும். பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் பாகான் டாலாமில் காத்தமுத்து என்றால் தெரியாதவர்கள் இல்லை. தங்கமான மனுஷன் என்பார்கள். தங்கத்தோடு குடித்தனம் நடத்துகிறவளைக் கேட்டால் அல்லவா தெரியும்!

அந்த வியாழக்கிழமை ஒரு நாளாவது அவர் கையைக் கட்டிப் போட்டுவிடுவது என்று நான் தீர்மானித்திருந்தேன். காரணம் இருந்தது. எங்களுக்கு மிச்சம் இருந்ததே அந்த ஒரு நாள்தான்.

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து ஊரெல்லாம் வேலை போய்க்கொண்டிருந்தது. இவர் வேலை பார்த்த பட்டறையில் ஆள் குறைத்தபோது இவர் பெயரும் போயிற்று. வேலை இல்லாதவர்களை இலவசமாக ஊருக்குத் திருப்பி அனுப்பும் கப்பலுக்கு லேபர் ஆபீசில் பெயர் எழுதினார்கள். இவரும் போய் எழுதிவிட்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "எழுதிட்டேன்" என்றார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "சரி" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு மாதமாக நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கப்பல் சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள், கப்பல் ஏறுகிறவர்கள் தங்கும் டிப்போவில் ஆஜராக வேண்டும். பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களுக்கு மறுபடி இலவசக் கப்பல் கிடையாது என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. மலை ரயிலில் ஒரு தடவை ஏற வேண்டும்.

நான் கல்யாணமாகி வந்த வருஷம்தான் பினாங்கு மலைக்கு அந்த ரயில் விட்டார்கள். எட்டு வருஷமாக, தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும்போது, கடலுக்கு அந்தப் பக்கம் மலை மேல் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "அடுத்த மாசம் போகலாம்" என்பார். அடுத்த மாதம் யாருக்காவது வீடு மாற்ற வேண்டியிருக்கும். அங்கே போய் என்ன பார்க்கப் போகிறாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். ஆசைக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொண்டா இருப்பார்கள்?

"இன்னிக்கு எங்கயும் நிக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் காது கேக்காத மாதிரி வரணும்" என்று படகில் ஏறும்போதே சொல்லிவிட்டேன்.

"சரி புள்ள" என்றார்.

"தண்ணிப்பந்தல்ல இந்த வருஷம் காப்புக் கட்டிக்கக் கூடாது."

"நான் ஏன் கட்டிக்கப் போறேன்? ஒரு எட்டு எட்டிப் பாத்து, போய்ட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துருவோம். ஏழு வருஷம் பழகினவங்க."

அந்தக் காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கு முதல் நாள் முருகனின் தேர் டவுனிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும். பூசம் கழிந்து மறுநாள் இரவு திரும்பி வரும். இவருடைய கூட்டாளிகள் டத்தோ கிராமாட் ரோட்டில் தண்ணீர்ப்பந்தல் போட்டு, காவடி எடுப்பவர்களுக்கும் கூட்டத்துக்கும் பானகம் ஊற்றுவார்கள். பந்தலில் தொண்டு செய்பவர்களுக்கு மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவது அவர்கள் வழக்கம். கட்டிக்கொண்டால் அன்றைக்குத் தேர் பந்தலைக் கடக்கும் வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. தேர் டவுன் கோயிலுக்குத் திரும்பும் வரை காப்பை அவிழ்க்கவும் கூடாது, கடல் தாண்டவும் கூடாது. வருஷா வருஷம் அந்த மூன்று நாளும் நான் பாகானில் தனியாகப் படுத்திருப்பேன்.

ஆனாலும் அன்றைக்குக் காலை நன்றாகத்தான் ஆரம்பித்தது. துறைமுகத்தில் இறங்கி, எங்கள் தகரப் பெட்டியை மீரா சாகிப் கடையில் போட்டோம். மீரா சாகிப் பாய் சோற்றுக்கடை வைத்திருந்தார். வேலை போன செய்தி கேட்டதும், "கடைக்கு ஆள் வேணும், பின்னால ரூம் சும்மா கெடக்கு, வந்து இருங்கலா" என்று சொல்லிப் பார்த்தவர். "தயவுல உக்காந்து திங்க மாட்டேன்" என்று இவர்தான் வீறாப்பாகச் சொல்லிவிட்டார். ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் சும்மா உழைக்கலாமாம், தனக்கு ஒருத்தர் வேலை கொடுத்தால் தயவாம்.

பெட்டியை வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடந்தோம். எனக்குச் சிரிப்பாக வந்தது. எட்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் எதையும் தூக்காமல் நடந்தது அன்றுதான். மணிக்கூண்டைக் காட்டினார். கடற்கரைப் புல்வெளியைக் காட்டினார். ஒரு சீனன் கடையில் கண்ணாடி ஜாடிக்குள் நீந்திய சிவப்பு மீன்களை நான் பார்த்துக்கொண்டே நின்றேன், அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் நின்று அவரும் பார்த்தார். "அங்க பாரு, மலை" என்று சந்து முனையில் நிறுத்திக் காட்டினார். மேகம் இல்லாமல் பச்சையாக நின்றது. இன்றைக்கு ஏறிவிடுவோம் என்று நானும் நம்பிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒன்பது மணிக்குப் பந்தலுக்குப் போனோம். போனவுடனே பந்தல் போடும் சங்கத்தின் செயலாளர் சிங்காரம், "காத்தமுத்து வந்தாச்சு! இனிமே கவலை இல்ல" என்று கத்தினார். அவர் கையில் மஞ்சள் கயிற்றுக் கற்றை இருந்தது. நான் பந்தக்கால் ஓரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்புகிறேன். திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. இந்த மனுஷன் வழக்கம்போல வலக்கையை நீட்டியிருக்கிறார். சிங்காரம் வழக்கம்போலக் கட்டிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பேச்சே எழவில்லை. பிறகு எழுந்தது.

"என்னாங்க இது? படகுல என்ன சொன்னேன்? காது எங்க போச்சு?"

அவர் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது. திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டேன்.

"அவுத்துடுங்க" என்றேன் சிங்காரத்திடம்.

"அய்யய்யோ, கட்டின காப்ப அவுக்கறதாம்மா? சாமி குத்தம் ஆயிடும். பன்னெண்டு மணிக்கெல்லாம் தேர் இந்த இடத்தத் தாண்டிடும். அப்புறம் ராசா மாதிரி கூட்டிக்கிட்டுப் போங்க. அது வரைக்கும் ஒரு கை குடுங்க, ஆள் பத்தல."

பன்னிரண்டு மணி. சரி, பாதி நாள் போனால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்காரவும் முடியவில்லை. பானகம் கலக்க வந்த ஆண்பிள்ளைகள் சுக்கை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். வாயில் வைத்தால் தொண்டை எரிந்தது. குடித்த ஒரு காவடிக்காரர் அலகு குத்தினபோது வராத கண்ணீரை அப்போது விட்டார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கரண்டியைப் பிடுங்கினேன். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, மீரா சாகிப் பாய் அனுப்பியிருந்த ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டேன். அதற்குப் பிறகு கூட்டம் எங்கள் பந்தலிலேயே மொய்த்தது. தலையெழுத்தைப் பாருங்கள், ஊர் சுற்ற வந்தவள் அண்டாவுக்கு முன்னால் நிற்கிறேன்.

பன்னிரண்டு ஆயிற்று. தேர் வரவில்லை. ஒன்று ஆயிற்று, இரண்டு ஆயிற்று. வழி நெடுக தேருக்கு முன்னால் தேங்காய் உடைக்கிறார்கள், மூட்டை மூட்டையாக உடைக்கிறார்கள், தேர் நான்கு அடி நகர அரைமணி ஆகிறது என்று வந்தவர்கள் சொன்னார்கள். சிங்காரம் ஒவ்வொரு தடவையும், "இதோ வந்துடும், முக்கு திரும்பிடுச்சாம்" என்பார். எந்த முக்கோ!

என் வீட்டுக்காரர் ரோட்டில் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார். வெறுங்காலில் வருகிறவர்களுக்குச் சுடாமல் இருக்கத் தாருக்கு மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றி ஊற்றி முதுகு நனைந்து போயிருந்தது. என் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

மூன்று மணிக்கு மூன்றாவது அண்டாவும் காலியானது. நான் கரண்டியைப் போட்டேன்.

"நான் போறேன்" என்றேன்.

"எங்க?"

"மலைக்கு. நீங்க ஊருக்குத் தண்ணி ஊத்துங்க. எட்டு வருஷமா நான் உங்களுக்கு ஊத்தினது போதும்."

"தனியாவா? நல்லம்மா, கொஞ்சம் பொறு..."

"பொறுத்தேன், பொறுத்தேன், கப்பல் வந்து நிக்குது!"

அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல இருந்தது. அதற்குள் யாரோ "அண்ணே, தண்ணி!" என்று கூப்பிட, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். நான் விறுவிறு என்று நடந்துவிட்டேன்.

பந்தலுக்கு எதிரில் நின்றால் டிராம் கிடைக்காது. வருவதெல்லாம் ஆளைத் தொங்க விட்டுக்கொண்டு நிற்காமலே போயிற்று. புறப்படும் இடத்துக்கே போய் ஏறிக்கொள்ளலாம் என்று சந்து சந்தாகத் துறைமுகம் வரை நடந்தேன். நடந்து போன வழியில் ஒரு முக்கில் தேர் நின்றுகொண்டிருந்தது. வெள்ளியெல்லாம் வெயிலில் பளபளத்தது. முழங்கால் வரை தேங்காய்ச் சில்லு. நான் கும்பிடக்கூட இல்லை. "உனக்கு மட்டும் என்ன அவசரம், நிதானமா வா" என்று மனதுக்குள் வைதுவிட்டுப் போனேன். பிறகு பயம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தனியாக ஊர் பார்ப்பது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். காலையில் பார்த்த அதே மணிக்கூண்டு சும்மா ஒரு மணிக்கூண்டாக நின்றது. ஜாடி மீனைப் பார்க்க நின்றேன். கடைக்காரன் வேண்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன், ஜாடியைத் திருப்பி வைத்துவிட்டான். பசி. பந்தலில் போட்ட சோற்றைக்கூட நான் தொட்டிருக்கவில்லை. அழுகை அழுகையாக வந்தது, ஆனால் பினாங்கு டவுன் நடுவில் நின்று அழ எனக்கென்ன பைத்தியமா?

ஐந்து மணிக்கு மேல் டிராம் கிடைத்தது. அதுவும் ஓரத்து இருக்கை. ஆயர் ஈத்தாம் வரை டிக்கெட் எடுத்தேன். "தேர் இந்நேரம் தாண்டிப் போயிருக்கும், வழி விட்டிருக்கும்" என்று டிக்கெட் கொடுத்தவர் சொன்னார். அங்கே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் மலை ரயில். இருட்டுவதற்குள் மேலே போய்விடலாம். காற்று முகத்தில் அடித்தது. போய்விட்டுத்தான் மறுவேலை என்று உட்கார்ந்திருந்தேன்.

டத்தோ கிராமாட் ரோட்டில் திரும்பியதும் டிராம் நின்றது. எட்டிப் பார்த்தேன். முன்னால் தேர். தேர் எங்கேயும் போகவில்லை. எங்கள் டிராம் அதன் பின்னால் ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. ஊர்ந்து ஊர்ந்து வந்து எந்த இடத்தில் மறுபடி நின்றது தெரியுமா? சரியாக எங்கள் பந்தலுக்கு எதிரில். தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தலைவலியா என்று கேட்டாள்.

இருக்கையில் கட்டிப் போட்டதுபோல உட்கார்ந்து, அந்த மனுஷனையே பார்க்க வேண்டியதாயிற்று. வலக்கையில் வாளி. தூக்கும்போதெல்லாம் மஞ்சள் கயிறு தெரிந்தது. இனிமேல் அவிழ்த்தால் என்ன, அவிழ்க்காவிட்டால் என்ன என்று நினைத்தேன். தேர் திரும்பும் வரை அவிழ்க்க மாட்டார்கள். இன்று வியாழன். நாளை பூசம். தேர் திரும்புவது சனிக்கிழமை இரவு.

சனிக்கிழமை.

அதுவரை எனக்கு மலை ஒன்றுதான் கண்ணில் இருந்தது. கப்பலும் சனிக்கிழமைதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். வாளியை வைத்துவிட்டு ஒரு தம்ளர் பானகத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிராம் அருகே வந்தார். "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல நீ. இதக் குடி" என்று நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "காப்ப எப்ப அவுப்பாங்க?" என்று கேட்டேன்.

அவர் தம்ளரை இடக்கைக்கு மாற்றினார்.

"சொல்லுங்க."

"சனிக்கெழம ராத்திரி."

"கப்பல் எப்ப?"

"சனிக்கெழம காலையில" என்றார், தம்ளரைப் பார்த்துக்கொண்டு.

"தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல, நல்லம்மா. வருஷா வருஷம் நீட்டுற கை, நீட்டிட்டேன். நீட்டையில ஒண்ணுமே தோணல. அவர் முடிச்சுப் போடுறப்பத்தான் நெனப்பு வந்துச்சு. அப்பவே கைய இழுத்திருக்கலாம்." மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "இழுக்க மனசு வரல."

எனக்குக் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கலாம்போல் இருந்தது. கிடைத்தது டிக்கெட் மட்டும்தான்.

"போக வேணாம்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு உங்களுக்கு ஒரு மஞ்சக் கயிறு வேணுமா? ரெண்டு மாசம்! ரெண்டு மாசமா நான் சட்டி பானையெல்லாம் அடுத்த வீட்டுக்குக் குடுத்துக்கிட்டிருக்கேன், பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"நீதான் சரின்னுட்டியே."

"எழுதிட்டேன்னு வந்து நின்னா வேற என்ன சொல்லுவாங்க?"

"நீ வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சேன். நீ அரிசியக் களைஞ்சுக்கிட்டே சரின்னியா, ஒனக்குப் போகத்தான் ஆசை போலன்னு விட்டுட்டேன்."

எனக்கு ஊருக்குப் போக ஆசையாம். எட்டு வருஷம் மலை விளக்கைப் பார்த்துப் பாத்திரம் கழுவினவளுக்கு. அழக் கூடாது என்று அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது அப்போது பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்து அம்மாள் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

டிராம் மணி அடித்தது. தேர் பந்தலைத் தாண்டி நகர ஆரம்பித்திருந்தது. "ஏறுறவங்க ஏறுங்க, எறங்குறவங்க எறங்குங்க!" என்று சத்தம் போட்டார்கள். வலப்பக்கம் மலை தெரிந்தது. மேலே முதல் விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. இப்போது இறங்கினால் இன்றைக்கு மலை இல்லை.

நான் இறங்கினேன்.

"போயிட்டு வா நல்லம்மா, நான் இங்கயேதான் இருப்பேன்" என்றார் இவர், பதறிப்போய்.

"நீங்க இருப்பீங்க, தெரியும். தள்ளுங்க."

நேரே சிங்காரத்திடம் போய் இடக்கையை நீட்டினேன். "கட்டுங்க."

அவர் விழித்தார். "பொம்பளைங்களுக்குக் கட்டுற வழக்கம் இல்லையேம்மா நம்ம பந்தல்ல."

"மூணு அண்டா பானகம் கலக்குறப்ப அந்த வழக்கம் எங்க போச்சு?"

பந்தல் ஓரத்தில் ஐஸ் சாக்கை மடித்துக்கொண்டிருந்த மீரா சாகிப் பாய் சிரித்துவிட்டார். சிங்காரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "கட்டினா சனிக்கெழம ராத்திரி வரைக்கும் கடல் தாண்டக் கூடாதும்மா. உங்களுக்குக் கப்பல்..." என்று இழுத்தார். பாவம், அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. என் வீட்டுக்காரர் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுக்குத்தான் கேக்குறேன்" என்றேன். "அவர் கையில மட்டும் கெடந்தா, நாளைக்குக் கஷ்டம் வர்றப்பல்லாம் என் காப்பால கெட்டோம்னு அவரே நெனச்சு நெனச்சு உருகுவாரு. ரெண்டு கையிலயும் கெடக்கட்டும். இறுக்கிக் கட்டுங்க."

கட்டினார். மஞ்சள் ஈரம் மணிக்கட்டில் சில்லென்று பட்டது. கட்டி முடித்ததும் கப்பல் இல்லை, வீடு இல்லை, வேலை இல்லை என்பதெல்லாம் வரிசையாக மனதில் வந்தது. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"பாய்" என்றேன் திரும்பி. "அந்த ரூம் இன்னும் சும்மாத்தான் கெடக்கா?"

"நாளைக்கே கூட்டி வச்சுடுறேன்லா, தங்கச்சி."

"தயவுக்கு வேணாம். காலையில மசாலா நான் அரைக்கிறேன். இவர் அடுப்படியப் பாத்துப்பாரு."

இவர் வாயைத் திறந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டார். பிறகு, இவ்வளவு நேரமும் கையில் பிடித்துக்கொண்டிருந்த பானகத்தை மறுபடி என் முன்னால் நீட்டினார். வெதுவெதுப்பாகிப் போயிருந்தது. குடித்தேன். நான் கலக்கியது என்பதால் நன்றாகத்தான் இருந்தது.

டிராம் போய்விட்டது. ஆயர் ஈத்தாம் டிக்கெட்டை என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"ஞாயித்துக்கெழம மலைக்குப் போறோம்" என்றேன். "வழியில எவனாவது தண்ணி கேட்டான், பாரம் தூக்கணும்னு கூப்பிட்டான்..."

"காது கேக்காத மாதிரி வந்துடுறேன்" என்றார்.

அதற்குள் ரோட்டில் யாரோ, "அண்ணே, தண்ணி!" என்று கூப்பிட்டார்கள். இவர் கை வாளிக்குப் போயிற்று. பிறகு நின்று, என்னைப் பார்த்தார்.

"போங்க, போய்த் தொலைங்க" என்றேன். நானும் அண்டாவைக் கழுவப் போனேன்.